உள்ளே பார்க்க விடும் கம்பைலர்கள்

நிரலாக்கம் கற்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். எந்த மொழியில் தொடங்கலாம் என்பது முதலாவது. எந்தக் கம்பைலரை, அதாவது எழுதிய நிரலை இயந்திரக் கட்டளையாக மாற்றும் மென்பொருளை, நிறுவலாம் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ஆளுக்கொரு விடை உண்டு, அவற்றில் பலவும் சரியானவையே. இரண்டாவதற்கு என் விடை ஒன்றுதான்: மூலநிரல் திறந்திருக்கும் கம்பைலரை நிறுவுங்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் காசில்லாமல் கிடைக்கிற மூடிய மென்பொருள்களும் நிறையவே இருக்கின்றன. கற்பவரின் பிழைகளைச் சுட்டிக்காட்டுவதற்காகவே பல பேர் பல ஆண்டுகள் உழைத்து மெருகேற்றிய கருவிகள் இன்று கட்டற்ற கம்பைலர்களோடு சேர்ந்தே வருகின்றன என்பதும், எழுதிய நிரல் எப்படி இயந்திரக் கட்டளையாக மாறுகிறது என்பதை அடிவரை சென்று பார்க்க அவற்றில் தடையே இல்லை என்பதும் எனக்கு அதைவிடப் பெரிய காரணங்கள்.

இவை எப்படி உருவாயின என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமையோடு ஒரு முழு இயங்குதளத்தையே எழுதுவது அதன் நோக்கம். இயங்குதளம் எழுத முதலில் கம்பைலர் வேண்டும். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான பாஸ்டல் என்ற கம்பைலரின் மூலநிரலைப் பெற்று, சி மொழியைப் புரிந்துகொள்ளும் முன்பகுதி ஒன்றை அதற்கு எழுதி, மோட்டரோலா 68000 கணினிக்கு அதைக் கொண்டுவர அவர் முயன்றார். பாஸ்டலோ, கொடுத்த கோப்பு முழுவதையும் ஒரே மரமாக நினைவகத்தில் கட்டி, அந்த மரம் முழுவதையும் கட்டளைத் தொடராக மாற்றி, இடையில் எதையும் விடுவிக்காமல் கடைசியில்தான் வெளியீட்டை எழுதும் வகையில் அமைந்திருந்தது; அதற்கு ஸ்டாக் எனப்படும் தற்காலிக நினைவகத்தில் பல மெகாபைட் இடம் தேவைப்பட்டது. கைவசம் இருந்த யூனிக்ஸ் கொடுத்ததோ 64 கிலோபைட் மட்டுமே. எனவே அவர் புதிய கம்பைலரை முதலிலிருந்து எழுதினார், தான் எழுதிய சி முன்பகுதியை மட்டும் அதில் சேர்த்துக்கொண்டார். 1987இல் வெளிவந்த அந்தக் கம்பைலர்தான் ஜிசிசி.

அதற்குப் பின் நடந்தது கற்பவர்களுக்கு இன்னும் முக்கியமானது. தொண்ணூறுகளின் நடுவில் ஜிசிசியின் வளர்ச்சி மெதுவாகிவிட்டது என்று பலரும் குறைப்பட்டார்கள். மூலநிரல் திறந்திருந்ததால், 1997இல் ஒரு குழுவினர் அதைப் பிரதியெடுத்து ஈஜிசிஎஸ் என்ற பெயரில் தனியாக வளர்க்கத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில் அது மூலத்தை முந்திவிட, 1999இல் அதுவே அதிகாரப்பூர்வ ஜிசிசியாக ஏற்கப்பட்டது. இன்று சி, சி++, ஃபோர்ட்ரான், அடா, கோ, டி ஆகிய மொழிகளை அது கையாள்கிறது. இன்னொரு பக்கம், 2000ஆம் ஆண்டின் இறுதியில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விக்ரம் ஆத்வேயின் வழிகாட்டுதலில் கிறிஸ் லாட்னர் தொடங்கிய, கம்பைலர்களைக் கட்டுவதற்கான கருவித்தொகுப்பான எல்எல்விஎம் திட்டம் வளர்ந்தது. அதன் மேல் எழுதப்பட்ட கிளாங் கம்பைலரின் மூலநிரலை ஆப்பிள் 2007இல் திறந்து விட்டது. பிழை எந்த எழுத்தில் இருக்கிறது என்று அம்புக்குறி இட்டுக் காட்டுவதும், இதைச் சொல்ல நினைத்தீர்களா என்று திருத்தம் பரிந்துரைப்பதும் கிளாங்கில் சிறப்பாக அமைந்தன. போட்டியில் ஜிசிசியின் பிழைச்செய்திகளும் நன்றாகத் தெளிவடைந்தன. இந்தப் போட்டியால் பயன் பெற்றவர்கள் முதன்முதலாக சி கற்கிறவர்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. போர்லாண்ட் நிறுவனம் 1987இல் வெளியிட்ட டர்போ சி அதன் காலத்தில் அருமையான மென்பொருள். எடிட்டர், கம்பைலர், பின்னாளில் பிழைத்திருத்தியும் எல்லாம் ஒரே திரையில், மிக விரைவாக இயங்கின. அதன் மூலநிரல் திறக்கப்படவில்லை, நிறுவனமும் அதைத் தொடரவில்லை, ஆகவே அது டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்திலேயே நின்றுவிட்டது. இன்றும் டாஸ்பாக்ஸ் போன்ற போலியாக்கி ஒன்றின் துணையோடு அதை ஓட்டிப் பாடம் நடத்துகிற வகுப்பறைகள் இருக்கின்றன. அதில் முழு எண்களுக்கான இன்ட் வகை 16 பிட். 32767க்கு மேல் ஒன்று கூட்டினால் எண் எதிர்ப்பக்கம் தாவிவிடும். அதன் சி++ பதிப்போ 1998இல் மொழிக்கு வந்த முதல் சர்வதேசத் தரநிலைக்கு முந்தையது. பெயர்கள் மோதாமல் பிரித்து வைக்கும் நேம்ஸ்பேஸ் என்பதே அதற்குத் தெரியாது. அங்கே கற்ற, டாஸ் திரையையும் விசைப்பலகையையும் கையாளும் கோனியோ தலைப்புக் கோப்பும், வாய்ட் மெயின் என்று தொடங்கும் வழக்கமும் வேறெங்கும் கைகொடுப்பதில்லை. மாணவர் புதிய கணினியில் உட்காரும்போது தாம் கற்றதில் எது மொழி, எது அந்தக் கம்பைலரின் தனிப்பழக்கம் என்று பிரித்தறிய முடியாமல் தடுமாறுகிறார். ஆசிரியர்களிடம் நான் வற்புறுத்திக் கேட்பது இது: பாடத்திட்டம் மாறக் காத்திராமல் கம்பைலரை மாற்றிவிடுங்கள். மிகப் பெரும்பாலான பயிற்சி நிரல்களுக்குச் சில வரிகளைத் திருத்தினாலே போதும்.

நிறுவும் வேலை சிறியதுதான். டெபியன் வழி வந்த லினக்ஸ்களில் பில்ட்-எசென்ஷியல் என்ற ஒரு தொகுப்பு ஜிசிசியையும் தேவையான நூலகங்களையும் கொண்டுவந்துவிடும். மேக் கணினியில் எக்ஸ்கோடின் கட்டளைவரிக் கருவிகளை நிறுவினால் கிளாங் கிடைக்கும். அங்கே ஜிசிசி என்று தட்டச்சு செய்தாலும் இயங்குவது கிளாங்தான் என்பதை அறிந்திருப்பது நல்லது. விண்டோஸில் எம்எஸ்ஒய்எஸ்2 என்ற கருவித்தொகுப்பின் வழியாக, ஜிசிசியின் விண்டோஸ் வடிவமான மிங்டபிள்யூ-டபிள்யூ64 நிறுவலாம், அல்லது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல்லைப் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசி மட்டுமே இருக்கிறவர்களும் டெர்மக்ஸ் என்ற திறமூலச் செயலிக்குள் கிளாங்கையும் பைத்தானையும் நிறுவிக்கொள்ளலாம். சிறிய திரையில் தட்டச்சு செய்வது பொறுமையைச் சோதித்தாலும் கம்பைலர் முழுமையானது. உலாவியிலேயே இயங்கும் கம்பைலர்கள் ஐந்து வரி நிரலைச் சோதிக்க நல்லவை. ஆனால் நிரலைப் பல கோப்புகளாகப் பிரிப்பது, அவற்றை இணைப்பது, வட்டில் உள்ள கோப்பைப் படித்து எழுதுவது போன்றவற்றை அவற்றில் பழகுவது கடினம். அவற்றிலேயே தங்கிவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

நிறுவிய பிறகு செய்ய வேண்டியதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜிசிசியும் கிளாங்கும் தாமாகப் பேசுவது குறைவு. கேட்டால்தான் நிறையச் சொல்லும். கட்டளையில் -டபிள்யூஆல் என்ற தெரிவைச் சேர்த்தால், இலக்கணப்படி சரியாக இருந்தாலும் சந்தேகத்துக்கு இடமான இடங்களையெல்லாம் அவை எச்சரிக்கும். இஃப் நிபந்தனைக்குள் இரண்டு சமக்குறிக்குப் பதிலாக ஒன்றை இட்டால் அது ஒப்பீடாக இல்லாமல் மதிப்பளிப்பாகிவிடும். நிரல் எந்தப் புகாரும் இல்லாமல் இயங்கித் தவறான விடையைத் தரும். இந்தத் தெரிவு இருந்தால் அந்த வரியிலேயே எச்சரிக்கை வரும். திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃப்புக்குள் ஒரு வகையைச் சொல்லி வேறு வகையைக் கொடுத்தாலும் வரும். இதுவும் எல்லா எச்சரிக்கைகளையும் இயக்கிவிடாது. -டபிள்யூஎக்ஸ்ட்ரா என்பதையும் உடன் சேர்க்க வேண்டும். தொடக்க நாளிலிருந்தே இவ்விரண்டும் இல்லாமல் கம்பைல் செய்வதில்லை என்று பழகிக்கொண்டவர், மற்றவர்கள் மணிக்கணக்கில் தேடும் பிழைகளை அரை நிமிடத்தில் கடந்துவிடுகிறார்.

எச்சரிக்கைகளால் பிடிக்க முடியாதவை இயங்கும்போது வெளிப்படும் பிழைகள். பத்து இடங்கள் கொண்ட அணியில் பதினோராவது இடத்தில் எழுதுவது சி கற்கும் எல்லோரும் செய்வது. வளையத்தின் நிபந்தனையில் சிறியது என்பதற்குப் பதிலாகச் சிறியது அல்லது சமம் என்று இட்டால் போதும். சி மொழி இதைத் தடுப்பதில்லை. நிரல் சில சமயம் முறிந்து விழும், சில சமயம் வேறொரு மாறியின் மதிப்பை அரித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல முடியும். இரண்டாவது வகைதான் கற்பவரின் நம்பிக்கையைக் குலைக்கிறது, ஏனென்றால் பிழை இருக்கும் இடம் ஒன்று, அது தெரியும் இடம் வேறொன்று. கூகுளில் உருவாக்கப்பட்டு, கிளாங்கிலும் 2013இல் வந்த ஜிசிசி 4.8இலும் சேர்க்கப்பட்ட அட்ரஸ் சானிடைசர் இதற்கான மருந்து. -எஃப்சானிடைஸ்=அட்ரஸ் என்பதையும், வரி எண்களுக்காக -ஜி என்பதையும் சேர்த்துக் கம்பைல் செய்தால், அணியின் எல்லை தாண்டிய அந்தக் கணத்திலேயே நிரல் நின்று, எந்தக் கோப்பின் எந்த வரியில், எந்த அணிக்கு எத்தனை பைட் அப்பால் எழுதப் பார்த்தது என்று சொல்லும். விடுவித்த நினைவகத்தை மீண்டும் தொட்டாலும் சொல்லும். இதற்குத் துணையாக அன்டிஃபைன்ட் என்ற மற்றொரு சானிடைசர் உண்டு. 2147483647உடன் ஒன்றைக் கூட்டினால் இந்த விடை இன்ட் வகைக்குள் அடங்காது என்று அந்த எண்களையே குறிப்பிட்டுக் காட்டும். விண்டோஸுக்கான மிங்டபிள்யூ ஜிசிசியில் அட்ரஸ் சானிடைசர் இயங்காது. அங்கே டபிள்யூஎஸ்எல் வழியாகச் செல்வது எளிது. நினைவக முகவரிகளைச் சுமக்கும் பாயிண்டர்கள் கடினம் என்று அஞ்சி சி மொழியைக் கைவிடுகிறவர்கள் இந்த இரண்டு தெரிவுகளோடு ஒரு முறை முயன்று பார்க்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மூலநிரல் இயங்குகோப்பாக மாறுவது ஒரே தாவலில் நடப்பதில்லை. முன்செயலி தலைப்புக் கோப்புகளை உள்ளே கொண்டுவருகிறது. கம்பைலர் அதை, இயந்திரக் கட்டளைகளைச் சொற்களால் எழுதும் அசெம்பிளி மொழியாக்குகிறது. அசெம்பிளர் அதை இலக்குக் கோப்பாக்குகிறது. லிங்கர் அதை நூலகங்களோடு பிணைக்கிறது. ஜிசிசியிடம் இவற்றுள் எந்தக் கட்டத்திலும் நிறுத்தச் சொல்லலாம். பெரிய எழுத்து இ தெரிவோடு இயக்கினால் முதல் கட்டத்தோடு நிற்கும். ஐந்து வரி நிரல் நூற்றுக்கணக்கான வரிகளாக விரிந்திருப்பதைப் பார்க்கும்போது இன்க்லூட் என்ற வரி என்ன செய்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பெரிய எழுத்து எஸ் தெரிவு அசெம்பிளியோடு நிறுத்தும். பிரிண்ட்எஃப் கொண்டு ஒரு வாழ்த்தை அச்சிட்டுப் புதிய வரிக்குச் செல்லும் வழக்கமான முதல் நிரலை அப்படிக் கம்பைல் செய்து பாருங்கள். ஜிசிசி தந்த அசெம்பிளியில் பிரிண்ட்எஃப் இருக்காது, புட்ஸ் என்ற வேறொரு ஃபங்ஷனை அழைத்திருக்கும். அச்சிட வேண்டிய சரத்தில் நிரப்ப வேண்டிய இடம் எதுவும் இல்லை, அது புதிய வரிக்குறியோடு முடிகிறது, திரும்பி வரும் மதிப்பும் பயன்படவில்லை என்பதைக் கண்டு, அதே வேலையைச் செய்யும் எளிய ஃபங்ஷனை அது தேர்ந்துகொண்டது.

இதை இன்னும் வசதியாகச் செய்ய மாட் காட்போல்ட் 2012இல் தொடங்கிய கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் என்ற இணையதளம் உதவுகிறது. இடப்பக்கம் நிரலை எழுத, வலப்பக்கம் அசெம்பிளி வருகிறது, எந்த வரி எதுவாக மாறியது என்று நிறங்களால் காட்டப்படுகிறது. அதன் மூலநிரலும் திறந்ததே. அங்கே, ஒன்று முதல் கொடுத்த எண் வரை கூட்டும் வளையம் ஒன்றை எழுதி, கிளாங்கைத் தேர்ந்து, -ஓ2 என்ற செம்மையாக்கத் தெரிவைக் கொடுத்துப் பாருங்கள். வளையமே காணாமல் போயிருக்கும். அதன் இடத்தில் ஒரு பெருக்கலும் சில எளிய கட்டளைகளும் மட்டும் இருக்கும். பள்ளியில் படித்த, எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுக்கும் சூத்திரத்தை அது தானே கண்டுகொண்டிருக்கிறது. கம்பைலர் என்பது வரிக்கு வரி சொல்மாற்றிக் கொடுக்கும் பொறி என்ற எண்ணம் அதோடு போய்விடும். தெரிவை -ஓ0 என்று மாற்றினால் நீங்கள் எழுதிய வளையம் எழுதியபடியே திரும்பி வந்துவிடும்.

பைத்தானில் தொடங்குகிறவர்களுக்கும் இதே வாய்ப்புகள் வேறு வடிவில் இருக்கின்றன. 2021இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து பிழைச்செய்திகள் வெகுவாகத் தெளிவடைந்துள்ளன. அதற்கு முன் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் அடுத்த வரியைக் காட்டி இலக்கணப் பிழை என்று மட்டும் சொல்லும், இப்போது மூடப்படாத குறியையே காட்டுகிறது. ஆகவே பழைய பதிப்பை வைத்துக்கொண்டு கற்காதீர்கள். டிஸ் என்ற தொகுதி, நிரல் பைத்தான் உள்ளே இயக்கும் இடைநிலைக் கட்டளைகளான பைட்கோடாக மாறியிருப்பதைக் காட்டும். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான தோனி என்ற எடிட்டர் ஒரு கணிதக் கோவை எந்த வரிசையில் சுருங்கி விடையாகிறது என்பதைப் படிப்படியாகக் காட்டுகிறது. ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் ரிகர்ஷன் புரியாதவர்களுக்கு அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது, ஏனெனில் ஒவ்வோர் அழைப்புக்கும் அது தனிச் சாளரம் திறக்கிறது. ஜாவாவுக்கு ஓப்பன்ஜேடிகே என்ற கம்பைலர் தொகுப்பு இருக்கிறது; சன் நிறுவனம் 2006இல் அதை, பிறருக்கு வழங்கினால் மூலநிரலையும் தர வேண்டும் என்னும் குனு பொது உரிமத்தில் திறக்கத் தொடங்கியது. பாஸ்கல் கற்க விரும்பினால் ஃப்ரீ பாஸ்கல் கம்பைலரும் அதற்கான லசாரஸ் என்ற நிரலாக்கச் சூழலும் நல்ல நிலையில் உள்ளன.

எடிட்டர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜீனி, நோட்பேட்++, கேட் போன்ற எளியவற்றில் எழுதிவிட்டு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் கம்பைல் செய்யப் பழகுவது நல்லது. ஒரு பொத்தானுக்குப் பின்னால் என்ன கட்டளை ஓடுகிறது என்று தெரிந்துவிட்ட பிறகு எந்த எடிட்டரும் உங்களை முடக்காது. விஷுவல் ஸ்டுடியோ கோட் பற்றி ஒரு குறிப்பு: அதன் மூலநிரல் எம்ஐடி உரிமத்தில் திறந்திருக்கிறது, ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நாம் இறக்கும் கோப்பு வேறோர் உரிமத்தின்கீழ், பயன்பாட்டுத் தரவைத் திரட்டும் வசதியோடு வருகிறது. அது வேண்டாம் என்பவர்கள் அதே மூலநிரலிலிருந்து கட்டப்பட்ட விஎஸ்கோடியத்தை நிறுவிக்கொள்ளலாம்.

உரிமம் என்றதும் எழும் அச்சம் ஒன்றையும் போக்கிவிட வேண்டும். ஜிசிசி குனு பொது உரிமத்தில் இருப்பதால் அதைக் கொண்டு கம்பைல் செய்த நம் நிரலையும் கட்டாயம் திறக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. கம்பைலரின் வெளியீடு உங்கள் நிரலின் உரிமத்தையே பின்பற்றும். அதோடு பிணைக்கப்படும் ஜிசிசியின் இயக்கநேர நூலகங்களுக்கும் இதற்காகவே தனி விலக்கு ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. நீங்களாகச் சேர்க்கும் நூலகங்களின் உரிமங்களைத்தான் கவனிக்க வேண்டும்; எடுத்துக்காட்டாக, ரீட்லைன் நூலகம் குனு பொது உரிமத்தில் இருப்பதால், அதைப் பிணைத்த நிரலைப் பிறருக்கு வழங்கும்போது அந்த உரிமத்தின் நிபந்தனைகள் உங்கள் நிரலுக்கும் பொருந்தும். வீட்டில் பயிற்சிக்காக எழுதுகிறவருக்கு இது எதுவும் தடையில்லை.

மூலநிரலைப் படிக்கலாம் என்று சொல்லிவிட்டு ஜிசிசியைக் கையில் கொடுப்பது நியாயமாகாது. அது ஒரு கோடிக்கும் மேற்பட்ட வரிகள் கொண்டது. சிறியவற்றிலிருந்து தொடங்கலாம். மஸல் என்ற சி நூலகத்தில் சரத்தின் நீளத்தைக் கணக்கிடும் ஃபங்ஷன் ஒரு திரைக்குள் அடங்கிவிடும்; நாம் பயிற்சியாக எழுதிய அதே ஃபங்ஷனை அனுபவசாலிகள் எப்படி எழுதினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் கிடைக்கும் அறிவு எந்தப் பாடநூலிலும் கிடைப்பதில்லை. ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993இல் பிறந்த லுவா மொழியின் மூலநிரல் ஏறத்தாழ 30,000 வரிகள்தான். ஃபாப்ரிஸ் பெலார்ட் எழுதிய டைனி சி கம்பைலர் சிறியது, மிக வேகமானது. -ரன் தெரிவைக் கொடுத்தால் இயங்குகோப்பு எதையும் உருவாக்காமலேயே சி நிரலை ஓட்டிக் காட்டும். கம்பைலர் எழுதவே கற்க விரும்புகிறவர்கள் சிபிசிசி என்ற சிறிய சி கம்பைலரின் மாற்ற வரலாற்றை முதலிலிருந்து படிக்க வேண்டும். ஒரே ஓர் எண்ணை மட்டும் கம்பைல் செய்யும் நிரலாகத் தொடங்கி, ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சிறு வசதியைச் சேர்த்து, பெரிய நிரல்களையே கம்பைல் செய்யும் அளவுக்கு அது வளர்வதை வரிசையாகப் பின்தொடரலாம்.

இப்படிப் படித்துப் பழகியவர் என்றாவது ஒரு நாள், கம்பைலரிலேயே பிழை இருக்கிறதோ என்று ஐயுறும் இடத்துக்கு வந்து சேர்வார். அங்கேயும் கதவு திறந்தே இருக்கிறது. ஜிசிசியின் பிழைப்பதிவுத் தளத்தில் எவரும் முறையிடலாம். பதிப்பு எண், கொடுத்த கட்டளை, முன்செயலி விரித்துத் தந்த கோப்பு உள்ளிட்ட விவரங்களை அவர்கள் கேட்கிறார்கள். சேவ்-டெம்ப்ஸ் என்ற தெரிவு அந்தக் கோப்பை எடுத்துத் தரும். முறையிடுவதற்கு முன், மேலே சொன்ன இரண்டு எச்சரிக்கைத் தெரிவுகளையும் சேர்த்து ஒரு முறை கம்பைல் செய்து பார்க்கும்படி அந்தத் தளமே கேட்டுக்கொள்கிறது. அந்தச் சோதனையிலேயே பெரும்பாலானவர்களுக்குத் தம் நிரலின் பிழை தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் ஐயம் தீராவிட்டால், நிரலைத் தேவையான வரிகள் மட்டும் எஞ்சும்வரை குறைத்து, தயங்காமல் எழுதி அனுப்புங்கள்.